ஆளுக்கொரு நாடகம், ஆளுக்கொரு புத்தகம்: தம்பிக்கு அனுப்பிய பட்டியல்

எங்கள் வீட்டில் டிவி ஒன்று, ரிமோட் ஒன்று, பார்க்கிற ஆட்கள் நாலு பேர். மட்டக்களப்பு முறைப்படி நான் பெண்சாதி வீட்டோடு இருக்கிறவன் என்பதால் ரிமோட் என் கைக்கு வருவது குறைவு. ஆரையம்பதியில் மாமா, மாமி, மச்சான், என் மகள், இந்த நாலு பேருக்கும் நடுவில் ஒதுங்கி உட்கார்ந்து, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பதே என் பொழுதுபோக்காகிப் போனது.

போன புரட்டாதியில் தம்பி கொழும்பிலிருந்து எடுத்தான். பண்டாரநாயக்க மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கிறது, வரும்போது வீட்டுக்கு ஏதாவது வாங்கி வரட்டுமா என்று கேட்டான். பத்தாயிரம் ரூபாய் தருகிறேன், ஆளுக்கு ஒன்று வாங்கு, எது எது என்று ராத்திரிக்குள் சொல்கிறேன் என்றேன். அந்த ராத்திரி மூன்று ராத்திரி ஆனது.

இப்படிப் பொருத்தம் பார்ப்பதில் எனக்கு ஒரு பழைய தோல்வி உண்டு. மாமி குடும்ப நாடகம் பார்க்கிறவ, ஆகவே குடும்ப நாவல் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு, முன்னொரு தரம் ஒரு கனத்த நாவலை வாங்கிக் கொடுத்தேன். கூட்டுக் குடும்பம், பாகப்பிரிவினை, கண்ணீர், எல்லாம் அதில் இருந்தன. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், ஆடுகிற ஸ்டாண்ட் ஃபேனின் அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறா. "நல்ல புத்தகம் மனே, அளவா இரிக்கி" என்றா. கதை என்ன விஷயத்தைப் பற்றியது என்று பார்த்து ஜோடி சேர்த்தது என் பிழை. ஒருவர் டிவிக்கு முன்னால் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார், எந்த இடத்தில் எழும்பித் தண்ணி குடிக்கப் போகிறார் என்று பார்த்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். இந்த முறை அதைத்தான் பார்த்தேன்.

மாமாவில் தொடங்குகிறேன், அவருக்குத்தான் அதிகம் மண்டையை உடைத்தேன். மாமா பார்ப்பது மகாபாரதம் ஒன்றுதான். ஸ்டார் பிளஸில் 2013இல் தொடங்கி அடுத்த வருஷம் முடிந்து, விஜய் டிவியில் தமிழ் பேசி வந்ததே, அந்த 267 பகுதித் தொடர். மகள் தேடிப் போட்டுக்கொடுக்க, எத்தனையாவது முறை என்று தெரியாமல் பார்க்கிறார். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பிறந்தவர், வாலிபத்தில் வடமோடிக் கூத்தில் தருமர் ஆடியவர். வடமோடி என்றாலே பெரும்பாலும் இதிகாசம், போர், சாவு. காதலும் கல்யாணமுமாகச் சுபமாய் முடிகிற கதைகள் தென்மோடிப் பக்கம். மாமாவுக்குத் தென்மோடி "பொம்புளப் புள்ளையள்ற கூத்து", அதாவது அவர் ஆடாத கூத்து.

சூதாட்டக் கட்டம் வந்தால் மாமா கதிரையில் இருக்கமாட்டார். எழும்பி நிற்பார். வலது கை தொடையில் தாளம் போடும், வாய்க்குள் தருமரின் விருத்தம் ஓடும், டிவிக்காரன் ஹிந்தி வாயில் தமிழ் பேசுவது அவர் காதில் ஏறாது. திரௌபதையைப் பணயம் வைக்கிற இடத்தில் மட்டும் கை நிற்கும். "இந்த இடத்தில களரியில நிண்டா கால் உதறும். ஊர்ப் பொண்டுகள் தருமனைப் பாத்து ஏசுவாளுகள்" என்று ஒரு நாள் சொன்னார்.

இவருக்குக் கதை சொல்கிற மகாபாரதம் ஒன்றை வாங்கிக் கொடுப்பது, வாவிக்கரைக் கல்லடிக்காரனுக்கு வாவி காட்டுவது மாதிரி. ராஜாஜியின் வியாசர் விருந்து அருமையான புத்தகம், சிறு பிள்ளைக்கும் புரியும், ஆனால் மாமாவுக்குத் தேவையில்லாதது. அவருக்கு வேண்டியது தெரிந்த கதையை வேறொரு பக்கத்தில் நின்று பார்க்கிற புத்தகம். அந்த வகையில் நாலு கண்ணில் பட்டன.

ஜெயமோகனின் வெண்முரசு 26 நாவல்கள். 2014இல் தொடங்கி 2020 வரை நாள்தோறும் இணையத்தில் எழுதி முடித்தார். அங்கேயே இன்றைக்கும் சும்மா படிக்கலாம். ஆழத்துக்குக் குறைவில்லை. ஆனால் மாமாவுக்கு 74 வயது, ஒரு கண்ணில் கற்றரக்ட் வெட்டியிருக்கிறது. போனில் படிக்கச் சொல்வது பாவம், அச்சில் வாங்கினால் பத்தாயிரம் முதல் இரண்டு நாவலோடு கரைந்துவிடும். எஸ். ராமகிருஷ்ணனின் உப பாண்டவம் ஒரே புத்தகம். ஊர் ஊராய் அலைகிறவன் ஒருவன் பாரதத்தின் மனிதர்களைத் துண்டு துண்டாகச் சந்திக்கிறான். எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதில் கதை வரிசையாய் நடக்காது, கனவு மாதிரி வரும். கூத்தில் வரவுத்தாளம் போட்டு, யார் வருகிறான் என்று சொல்லி, மறுகா ஆடுகிற ஒழுங்கில் பழகியவருக்கு அது எரிச்சலூட்டும்.

மூன்றாவது, எம். டி. வாசுதேவன் நாயர் மலையாளத்தில் 1984இல் எழுதிய ரண்டாமூழம். தமிழில் குறிஞ்சிவேலன் மொழிபெயர்ப்பில் இரண்டாம் இடம். முழுக்க வீமன் பக்கத்துக் கதை. எல்லாம் முடிந்து, துவாரகை கடலுக்குள் போய், ஐவரும் திரௌபதையும் மலையேறுகிற இடத்தில் நாவல் திறக்கிறது. திரௌபதை விழுகிறாள். தருமர் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். வீமன் மட்டும் நிற்கிறான். முதல் சில பக்கத்திலேயே இது வந்துவிடும். தருமராக ஆடிய மனிதன் கையில் இதைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று நினைக்கவே எனக்கு ஆசையாக இருந்தது. சண்டைக்கு வருவார். அல்லது ஒரு கிழமைக்குப் பேசமாட்டார். ஏதோ ஒன்று நடக்கும், ஃபேனுக்குக் கீழே போகாது.

நாலாவது பாரதியின் பாஞ்சாலி சபதம். 1912இல் முதல் பாகம் வந்தது. எளிய சொல், எளிய நடை, பொது ஜனங்கள் விரும்பும் மெட்டு என்று முகவுரையிலேயே சொல்லிவிட்டுப் பாடியிருக்கிறார். மாமாவின் தொடைத் தாளத்துக்கு இதைவிட ஏற்ற வரிகள் இல்லை. மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் காசில்லாமல் கிடைப்பதால் நான் பெரிய எழுத்தில் பிரதி எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன். ஆகவே பட்டியலில் மாமாவுக்கு நேரே இரண்டாம் இடம் மட்டும். அவர் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு வருஷா வருஷம் போகிறவர் என்பதையும் சொல்லவேண்டும். பாண்டவர் வனவாசமும் தீப்பள்ளயமும் அவருக்கு வருஷச் சடங்கு, புத்தகத்தில் படித்தறிகிற சமாச்சாரம் இல்லை. நாவலில் திரௌபதை மீது வீமனுக்கு உள்ள ஏக்கம் அம்மன் பக்தருக்கு ஒத்து வருமா என்பது ஒன்றுதான் எனக்கிருந்த பயம். இருக்கட்டும் என்று விட்டேன்.

மாமிக்கு வருவோம். மாமி சன் டிவி எதிர்நீச்சல் கட்சி. 2022இல் தொடங்கி 2024 வரை ஓடியதை ஒரு நாள் விடாமல் பார்த்து, பிறகு தொடர்ச்சி வந்தபோது அதையும் பிடித்துக்கொண்டா. குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 புரட்டாதியில் திடீரென்று இறந்தபோது, எங்கள் வீட்டில் ஒரு நாள் மீன் சமைக்கவில்லை. ஆனால் கூர்ந்து பார்த்தால், குணசேகரன் கத்துகிற இடத்தில் மாமி வெங்காயம் உரிக்கப் போய்விடுவா. அடுப்படியில் அந்த வீட்டு மருமக்கள் ரேணுகாவும் நந்தினியும் தாழ்ந்த குரலில் குத்திக் கதைக்கிற இடத்தில்தான் கத்தி கையோடு அப்படியே நிற்பா. அவவுக்கு வில்லன் வேண்டியதில்லை. பெண்கள் தங்களுக்குள் என்ன கதைக்கிறார்கள் என்பதுதான் வேண்டும்.

அதற்கு இரண்டு புத்தகம் எடுத்து வைத்தேன். அம்பையின் வீட்டின் மூலையில் ஒரு சமையலறை சிறுகதைத் தொகுப்பு. தலைப்புக் கதை ராஜஸ்தானத்துப் பெரிய வீடொன்றின் மூலையில் ஒதுக்கிய சமையலறையைப் பற்றியது. தெற்கிலிருந்து போன மருமகள் மீனாட்சி அந்த அடுப்படிக்குக் கொஞ்சம் வெளிச்சமும் வசதியும் கேட்கிறாள், அவ்வளவுதான் சம்பவம். எதிர்நீச்சல் வருஷக்கணக்கில் சொன்னதை அம்பை சில பக்கத்தில் சொல்லி முடித்துவிடுகிறார் என்பது என் கட்சி. மற்றது சல்மாவின் இரண்டாம் ஜாமங்களின் கதை, 2004இல் வந்தது. தமிழ்நாட்டு முஸ்லிம் ஊரொன்றில் ராபியா என்ற சிறுமியைச் சுற்றி அவள் உம்மா, பெரியம்மா, வஹிதா, பிர்தவ்ஸ் என்று ஒரு தெருவே கதைக்கிறது. ஆண்கள் வெளியே போன நேரத்துப் பேச்சு, கூச்சமில்லாத பேச்சு.

எழுத்துத் திறனில் எதைத் தூக்கி வைப்பது என்று கேட்டால் நான் அம்பை பக்கம். ஆனால் புத்தகம் எனக்கில்லை. மாமிக்குச் சிறுகதை சரிவராது. ஒரு குடும்பத்தோடு பழகி, இன்னாருக்கு இன்னார் என்ன முறை என்று பிடித்த நேரத்தில் கதை முடிந்துவிடும். சல்மாவின் நாவலில் ஆள் கூட்டம், கிளைக்கதை, நாளைக்கு என்ன என்கிற இழுப்பு எல்லாம் தாராளம். இன்னொரு காரணமும் உண்டு. ஆரையம்பதிக்கு மதில் மாதிரிப் பக்கத்திலிருப்பது முஸ்லிம் ஊரான காத்தான்குடி. மாமி புடைவை எடுப்பது அங்கே, தைக்கக் கொடுப்பது அங்கே, தைக்கிற ராத்தாவோடு மணித்தியாலக் கணக்காய்க் கதைப்பதும் அங்கே. நாவலில் வருகிற பெண்களின் வீட்டுக்குள் அவ ஏற்கெனவே பாதித் தூரம் போனவ. ஆகவே சல்மா. கொழுத்த புத்தகம்தான், அதனால் ஃபேன் அபாயம் இருக்கிறது என்று தம்பிக்கு எழுதினேன்.

மச்சான் கேம் ஆஃப் த்ரோன்ஸ் பைத்தியம். 73 பகுதியையும் மூன்று சுற்றுப் பார்த்தவன், 2019இல் அது முடிந்த விதத்துக்கு இன்றைக்கும் கோபம் தணியாதவன். மூல நாவல்களைப் படி என்று சொல்லலாம். ஆனால் அதில் ஒரு கஷ்டம்: ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ஐந்தாவது புத்தகம் 2011இல் வந்தது, ஆறாவதுக்கு உலகமே காத்திருக்கிறது. முடிவில் ஏமாந்த ஒருவனை முடியாத ஒன்றுக்குள் தள்ளிவிடுவது நல்ல மனிதன் செய்கிற வேலையில்லை.

எல்லாரும் இந்த இடத்தில் பொன்னியின் செல்வனைக் கைகாட்டுவார்கள். அரச குடும்பம், சதி, ஒற்றர், சிம்மாசனம், 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்து ஐந்து பாகத்தில் ஒழுங்காய் முடிந்தது, இணையத்தில் இலவசம். போதாக்குறைக்கு இரண்டாம் பாகத்தில் கதை இலங்கைக்கே வருகிறது, தம்பள்ளையும் அநுராதபுரமும் வரும். எல்லாம் சரிதான். ஆனால் மச்சான் அந்தத் தொடரில் விழுந்தது நெட் ஸ்டார்க்கின் தலை போன அன்று. முதல் சீசன் முடியுமுன்பே, இவன்தான் கதாநாயகன் என்று நம்பியிருந்தவனை வெட்டிவிட்டார்கள். "யாரும் தப்பமாட்டான் அத்தான்" என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என்னை எழுப்பிச் சொன்னான். வந்தியத்தேவன் எந்தச் சுரங்கத்துக்குள் விழுந்தாலும் வெளியே வந்துவிடுவான் என்பது வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். அதுதான் கல்கியின் இன்பமும். மச்சானுக்கு அந்த இன்பம் பத்தாது.

அவனுக்கு நான் எழுதியது சு. வெங்கடேசனின் காவல் கோட்டம். 2008இல் வந்தது, 2011க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. மதுரையின் ஆறு நூற்றாண்டு. மாலிக் கபூர் படையெடுப்பில் தொடங்கி வெள்ளைக்காரன் காலம் வரை ஓடுகிறது. நாயக்கர் கோட்டை, களவுக்கும் காவலுக்கும் பேர்போன தாதனூர்க்காரர், குற்றப் பரம்பரைச் சட்டம். ஒரு தனிக் கதாநாயகன் என்று யாரையும் பிடித்துக்கொள்ள முடியாது. பிடித்தால் அவன் அடுத்த அத்தியாயத்தில் இருக்கமாட்டான். ஆயிரம் பக்கத்தைத் தாண்டுகிறது, விலையும் அப்படித்தான். அட்டையிலிருக்கிற இந்திய விலையை மூன்றரையால் பெருக்கிப் பார்த்தால் நம்ம பத்தாயிரத்தில் பெரிய துண்டு அதற்கே போகும். ஆரம்பம் கொஞ்சம் கரடு, நூறு பக்கம் பொறு என்று புத்தகத்தின் முதல் தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். ட்ராகன் இல்லையே என்று கேட்பான். களவுக்குச் சுவரில் ஓட்டை போடுகிற கன்னக்கோல் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

மகளுக்கு இரண்டு நாடகம், ஆகவே இரண்டு கணக்கு. முதலாவது பிபிசியின் ஷெர்லொக். 2010 முதல் 2017 வரை வெறும் 13 பகுதிகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். கொனன் டொயிலின் மூலக் கதைகளைப் படிக்கச் சொன்னால் பிழையில்லை, 4 நாவலும் 56 சிறுகதையும் இருக்கின்றன. ஆனால் அவள் அதில் ரசிப்பது துப்பை விட, ஷெர்லொக்கும் வொட்சனும் ஒருவரையொருவர் கடித்துக்கொள்வதைத்தான். அதைத் தமிழில் செய்து வைத்தவர் சுஜாதா. கணேஷ், வசந்த் இரண்டு பேரில் வசந்தின் வாய் இருக்கிறதே, அதற்காகவே படிக்கலாம்.

எந்தப் புத்தகம் என்று தெரிவதும் கஷ்டமாயில்லை. மகளுக்கு மிகவும் பிடித்த பகுதி பாஸ்கர்வில் நாய். பேயா, விஞ்ஞானமா என்று ஷெர்லொக்கே கை நடுங்குகிற இடம். குமுதத்தில் தொடராக வந்த கொலையுதிர் காலம் அதே முடிச்சு: ஒதுக்குப்புறப் பங்களா, சொத்துக்கு வாரிசாகப்போகும் இளம்பெண், இருட்டில் தெரிகிற ஒரு உருவம், ஆவியா அறிவியலா என்று கணேஷும் வசந்தும் புத்தகம் முழுக்க இழுபறிப்படுவது. மலிவு, மெலிவு, இரண்டு ராத்திரியில் முடியும். ஏ.எல். (உயர்தரப்) பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அதற்கு மேல் நேரமுமில்லை.

இரண்டாவது நாடகத்தில்தான் நானே மாட்டிக்கொண்டேன். கொரிய நாடகமான ரிப்ளை 1988. சோல் நகரத்து ஒழுங்கையொன்றில் ஐந்து குடும்பங்கள், 20 பகுதிகள். மகளுக்காக உட்கார்ந்து பார்த்தவன் எனக்கே தொண்டை அடைத்தது. முதல் பகுதியில் ஒரு காட்சி: சாப்பாட்டு நேரம், ஒரு வீட்டுத் தாய் கறியைக் கோப்பையில் போட்டுப் பக்கத்து வீட்டுக்குப் பிள்ளையிடம் கொடுத்து விடுகிறா. அந்த வீட்டார் சும்மா கோப்பையைத் திருப்பாமல் வேறொன்றைப் போட்டு விடுகிறார்கள். இப்படி ஒழுங்கை முழுக்கப் பிள்ளைகள் கோப்பையோடு குறுக்கும் மறுக்கும் ஓடுகிறார்கள். கடைசியில் எல்லார் வீட்டு மேசையிலும் எல்லார் வீட்டுக் கறியும். பார்த்துக்கொண்டிருந்த மாமி, "நோன்பு காலத்தில நம்மட வேலிக்கு மேலால கஞ்சி வாற மாதிரி" என்றா. மகளுக்கு அது என்னவென்று விளங்கவில்லை.

அந்த விளங்காமைக்குத்தான் புத்தகம் வேண்டியிருந்தது. சிரிப்பும் ஈரமுமாய் வேண்டுமென்றால் அ. முத்துலிங்கத்தின் உண்மை கலந்த நாட்குறிப்புகள். கொக்குவில் சிறுவன் ஒருவன் உலகமெல்லாம் சுற்றுகிற கதை, அத்தியாயம் ஒவ்வொன்றும் தனித்தனியாய் நிற்கும், யார் கையில் கொடுத்தாலும் பழுதில்லை. பாதுகாப்பான தெரிவு. மற்றது விமல் குழந்தைவேலின் கசகறணம். அக்கரைப்பற்றில் பிறந்து லண்டனில் இருப்பவர் 2011இல் வெளியிட்ட நாவல். அக்கரைப்பற்றுச் சந்தை, தமிழ் ஆட்களும் சோனக (முஸ்லிம்) ஆட்களும் ஒன்றாய்க் கடை விரித்து, கடன் கொடுத்து, பகிடி பண்ணி, உரிமையோடு ஏசிக்கொண்டு இருந்த காலம், பிறகு அது பிளந்துபோன விதம். முழுக்க நம்மட பேச்சு. பெத்தா, மறுகா, என்னகா எல்லாம் அச்சில் வரும்.

முதலில் முத்துலிங்கம் என்றுதான் எழுதினேன். அழித்தேன். கசகறணம் சிரித்துக்கொண்டு தொடங்கி வயிற்றைப் பிசைகிற இடத்துக்குப் போகிறது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஏன் என்று அவள் தாய் கேட்டா. கேள்வி ஞாயம்தான். ஆனால் அந்தப் பிள்ளை கொரியப் பாஷையைத் திரையின் அடியில் ஓடுகிற ஆங்கில எழுத்தில் படித்து, 1988இல் சோலில் கரி அடுப்பு எப்படி எரிந்தது என்று எனக்கு வகுப்பெடுக்கிறாள். அந்தக் காலத்தில் இங்கேயிருந்து ஐம்பது கிலோமீற்றர் தெற்கே சந்தையில் என்ன நடந்தது என்று தெரியாது. எழுத்து ஓடாமலே விளங்கக்கூடிய ஒரு பாஷையில், தன் ஒழுங்கையின் கோப்பை ஏன் ஓடாமல் போனது என்று அவள் படிக்கட்டும். பெண்சாதி, "அப்ப நான் முதல்ல படிக்கிறன், மறுகா அவளுக்குக் குடுப்பம்" என்றா. ஆகவே கசகறணம், வாசகர் இரண்டு பேர்.

எல்லாவற்றையும் ஒரே வட்ஸ்அப்பில் போட்டேன்: இரண்டாம் இடம், இரண்டாம் ஜாமங்களின் கதை, காவல் கோட்டம், கொலையுதிர் காலம், கசகறணம். காசு பத்தாமல் போனால் கொலையுதிர் காலத்தை விடு, அது பழைய புத்தகக் கடையிலும் கிடைக்கும் என்றும் எழுதினேன். காவல் கோட்டத்தை மட்டும் விடாதே, மச்சான் என்னை இனியும் ராத்திரி எழுப்பக்கூடாது.

தம்பியின் பதில் பத்து நிமிஷத்தில் வந்தது. "எல்லாருக்கும் பாத்தீங்க, எனக்கு?" அவன் டிவியில் பார்ப்பது கிரிக்கெட் தவிர வேறொன்றுமில்லை. அதற்கு நான் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. ஷெஹான் கருணாதிலகவின் சைனாமன், 2010இல் வந்தது. குடித்தே ஈரல் கெட்ட கிழட்டு விளையாட்டுப் பத்திரிகையாளன் ஒருவன், காணாமல் போன பிரதீப் மத்தியூ என்ற தமிழ்ப் பந்துவீச்சாளனைத் தேடுகிறான். அப்படியொருவன் உண்மையில் ஆடவில்லை, எழுத்தாளர் உண்டாக்கிய ஆள். ஆனால் பாதிப் புத்தகத்தில் நீயே பழைய ஸ்கோர் அட்டைகளைத் தேடத் தொடங்கிவிடுவாய் என்று எழுதினேன்.

"இங்கிலீசில இரிக்கே" என்றான். வர்ணனை கேட்கிற இங்கிலீஷ் போதும் என்றேன். பத்தாயிரத்துக்கு மேல் போனதை அவன்தான் போட்டிருக்கிறான், இன்னும் கேட்கவில்லை.